தொண்டையில் வெள்ளை தெரிந்தால் அது ஸ்ட்ரெப் தானா?

கேள்வி: கருங்கலிலிருந்து ஒரு தாய்
16 ஜூன் 2024, காலை

என் மகளுக்கு ஏழு வயதாகிறது. பள்ளி திறந்த வாரம் முடிவதற்குள், வெள்ளிக்கிழமையன்று காய்ச்சல் வந்துவிட்டது. எச்சில் விழுங்கினாலே வலிக்கிறது என்று அழுகிறாள். நேற்று மாலை மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்து, டான்சிலில் வெள்ளை படர்ந்திருக்கிறது, இது ஸ்ட்ரெப் கிருமி என்று சொல்லி அசித்ரோமைசின் சிரப் எழுதிக் கொடுத்தார். பக்கத்து வீட்டு அக்கா சொன்னதன் பேரில் ஏஎஸ்ஓ என்ற இரத்தப் பரிசோதனையும் செய்தோம். 200-க்குள் இருக்க வேண்டுமாம். 400 என்று வந்திருக்கிறது. இது இதயத்தில் போய் உட்கார்ந்துவிடும் என்று அவர் சொன்னதிலிருந்து எனக்கு உறக்கமில்லை. சிரப்பை இன்னும் திறக்கவில்லை. பார்த்தாலே தெரிந்துவிடும் நோய் என்றால் பரிசோதனை எதற்கு? பார்த்தால் தெரியாது என்றால் எதை நம்பி மருந்தைத் தொடங்குவது?

16 ஜூன், இரவு

பார்த்தால் தெரியாது. இருபத்தாறு ஆண்டுகள் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் தொழில்நுட்பராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மருத்துவர் அல்ல. ஆனால் ‘ஸ்ட்ரெப், உறுதி’ என்று சீட்டில் எழுதப்பட்டு என் மேசைக்கு வந்த எத்தனையோ பஞ்சுக் குச்சிகளில் மறுநாள் அந்தக் கிருமியின் சுவடே இல்லாமல் இருந்ததையும், ‘சாதாரணச் சளி’ என்று வந்தவற்றில் தட்டு முழுக்க அதுவே வளர்ந்து நின்றதையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தொண்டை வலியோடு வரும் பிள்ளைகளில் நூற்றுக்கு இருபது முதல் முப்பது பேருக்குத்தான் ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா, அதாவது ஸ்ட்ரெப், காரணம். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு வைரஸ். அந்த வைரஸ்களிலும் அடினோ வைரஸும், எப்ஸ்டீன்-பார் வைரஸும் டான்சிலில் அதே வெள்ளையைப் படரவிடும். காய்ச்சலும் அதே அளவுக்கு ஏறும். 1981 இல் ராபர்ட் சென்டர் என்ற அமெரிக்க மருத்துவர் பெரியவர்களுக்காக நான்கு அடையாளங்களைத் தொகுத்தார்: டான்சிலில் வெள்ளை, கழுத்தின் முன்புறத்தில் தொட்டால் வலிக்கும் நெறி, காய்ச்சல், இருமல் இல்லாமை. 1998 இல் கனடாவின் மக்கைசக் அதனுடன் வயதையும் சேர்த்து, மூன்று முதல் பதினான்கு வயதுக்கு ஒரு புள்ளி கூடுதலாகக் கொடுத்தார். இந்தக் கணக்கில் முழுப் புள்ளியும் பெறுகிற நோயாளிகளிலும் ஏறத்தாழப் பாதிப் பேரிடம்தான் கிருமி இருக்கிறது. அதாவது, யாருக்குப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதை அந்தக் கணக்கு சொல்லும். யாருக்கு நோய் என்பதை அது சொல்லாது.

கேள்வி அனுப்பிய கருங்கல் தங்கையிடம் நான் கேட்கும் கேள்விகள் இவை. மூக்கு ஒழுகுகிறதா, இருமல் உண்டா, குரல் கம்மியிருக்கிறதா, கண் சிவந்திருக்கிறதா, வாய்க்குள் சிறு புண்கள் இருக்கின்றனவா, வயிற்றுப்போக்கு உண்டா? இவை இருந்தால் வைரஸின் பக்கம் எடை கூடுகிறது. காய்ச்சல் திடீரென்று ஏறியதா, தலைவலி, வயிற்று வலி, வாந்தி இருந்தனவா, மேலண்ணத்தில் சிவப்புப் புள்ளிகள் தெரிகின்றனவா, உடம்பில் உப்புத்தாள் போலச் சொரசொரப்பான சிவப்பு பரவியிருக்கிறதா? இவை ஸ்ட்ரெப்பின் பக்கம் எடை கூட்டுகின்றன. வயிற்று வலியைச் சொல்லும்போது வீட்டில் எல்லோரும் முந்தைய நாள் சாப்பிட்டதைத்தான் நினைப்பார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகளில் தொண்டைதான் அதற்குக் காரணமாக இருப்பதும் உண்டு.

சிரப்பைத் திறக்காதது நல்லதாயிற்று. நாளை திங்கட்கிழமை. முதல் கரண்டி மருந்து உள்ளே போவதற்கு முன் தொண்டையிலிருந்து ஸ்வாப் (பஞ்சுக் குச்சியால் தேய்த்த மாதிரி) எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ரேபிட் டெஸ்ட் கிடைத்தால் அதுவே போதும், கால் மணி நேரத்தில் முடிவு தெரிந்துவிடும். ஏஎஸ்ஓ தாளைக் கிழித்துப் போடுங்கள்.

இதயத்தைப் பற்றிய பயத்துக்கு ஒரு எண்ணை மட்டும் நினைவில் வையுங்கள்: ஒன்பது. தொண்டை வலி தொடங்கிய நாளிலிருந்து ஒன்பது நாளுக்குள் மருந்தைத் தொடங்கினாலும், ஸ்ட்ரெப்புக்குப் பின் மூட்டையும் இதயத்தையும் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுத்துவிட முடியும். உங்கள் மகளுக்கு இன்று மூன்றாம் நாள். நாளை எடுக்கும் ஸ்வாப்பின் கல்ச்சர் (கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்ப்பது) முடிவு வர இரண்டு நாள் ஆனாலும் ஆறாம் நாளில்தான் நிற்போம்.

17 ஜூன்

ஸ்வாப் எடுத்தாயிற்று, பிள்ளை வாயை மூடிக்கொண்டதால் குச்சி நாக்கில் பட்டுவிட்டது என்று தங்கை எழுதியிருக்கிறார். மூக்கு ஒழுகல் இருக்கிறதாம், இருமல் இல்லையாம், கழுத்தில் நெறி கட்டவில்லையாம்.

குச்சி நாக்கில் படுவது சிறிய விஷயமல்ல. இந்தக் கிருமி டான்சிலின் மேற்பரப்பிலும், அதற்குப் பின்னால் உள்ள தொண்டைச் சுவரிலும்தான் குடியிருக்கும். இரண்டு டான்சில்களையும், பின் சுவரையும் அழுத்தித் தேய்த்து எடுக்க வேண்டும். நாக்கு, கன்னத்தின் உட்புறம், உள்நாக்கு ஆகியவற்றைத் தொடாமல் குச்சியை வெளியே கொண்டுவர வேண்டும். நாக்கில் பட்டால் அங்கே வாழும் வேறு கிருமிகள் தட்டை நிரப்பி, நாம் தேடுவதை மறைத்துவிடும். பயந்து பயந்து மேலாகத் தொட்டு எடுத்தால், இருக்கும் கிருமியும் குச்சியில் ஏறாது. சரியாக எடுத்த ஒரே ஸ்வாப் கல்ச்சரில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கண்டுபிடித்துவிடும் என்பது உண்மை. ஆனால் அந்த எண் ‘சரியாக எடுத்த’ என்ற சொல்லின் மேல்தான் நிற்கிறது.

வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் நான் பிள்ளைகளின் தலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எடுக்கப் பார்ப்பேன், அவர்கள் திமிறுவார்கள். பிறகு வயது முதிர்ந்த செவிலியர் ஒருவர் எனக்கு வேறு வழி காட்டினார். தாயின் மடியில் பிள்ளையை வெளிப்புறம் பார்க்க உட்காரவைத்து, பிள்ளையின் தலை தாயின் மார்பில் சாய்ந்திருக்க, தாயின் ஒரு கை பிள்ளையின் இரு கைகளையும் அணைத்துக்கொள்ள, மறு கை நெற்றியைத் தாங்க வேண்டும். வாயைத் திற என்று சொல்வதற்குப் பதிலாக, நாய்க்குட்டி எப்படி மூச்சு வாங்கும் என்று கேட்க வேண்டும். பிள்ளை நாக்கை நீட்டி மூச்சு வாங்கும் அந்த இரண்டு விநாடி போதும். ஸ்வாப் எடுக்கப் போகும் தாய்மார் இதை வீட்டிலேயே ஒரு முறை விளையாட்டாகச் செய்து பழக்கிவிடலாம்.

18 ஜூன்

முந்தாநாள் இரவு எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. படித்தவர்கள் தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள்.

ரேபிட் டெஸ்ட் ‘அதுவே போதும்’ என்று எழுதினேன். பாசிட்டிவ் என்று வந்தால் போதும். நெகட்டிவ் என்று வந்தால் பிள்ளைகளுக்குப் போதாது. அந்தக் கருவி கிருமியின் மேலுறையில் உள்ள ஒரு சர்க்கரைப் பொருளைத் தேடுகிறது. 1933 இல் ரெபேக்கா லான்ஸ்ஃபீல்டு ஸ்ட்ரெப்டோகாக்கஸ்களை ஏ, பி, சி என்று பிரித்தது அந்தப் பொருளை வைத்துத்தான். அது இருக்கிறது என்று கருவி சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். ஆனால் கிருமி உண்மையிலேயே இருக்கும் நூறு பிள்ளைகளில் எண்பத்தைந்து பேரைத்தான் அது பிடிக்கிறது. மீதிப் பதினைந்து பேர் ‘ஒன்றுமில்லை’ என்ற தாளோடு வீட்டுக்குப் போவார்கள். அதனால்தான் ரேபிட் நெகட்டிவ் ஆன பிள்ளைகளுக்குக் கல்ச்சரும் செய்ய வேண்டும் என்பது வழிமுறை. பெரியவர்களுக்கு ருமாட்டிக் காய்ச்சல் புதிதாக வருவது மிக அரிது என்பதால் அவர்களுக்கு அந்த இரண்டாம் படி தேவைப்படுவதில்லை. இரண்டு குச்சிகளாக ஒரே முறையில் எடுத்துவிட்டால் பிள்ளையை மறுபடி வதைக்க வேண்டியிருக்காது.

19 ஜூன்

கருங்கல் தங்கையின் மகளுக்குக் கல்ச்சர் நெகட்டிவ். நேற்றுப் பார்த்ததிலும் இல்லை, இன்று நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்துப் பார்த்ததிலும் இல்லை. காய்ச்சல் நேற்று இரவே இறங்கிவிட்டதாம். சுக்கு, மிளகு, கருப்பட்டி போட்ட காப்பியும் பாராசிட்டமாலும் மட்டும் கொடுத்திருக்கிறார்.

குச்சி நாக்கில் பட்டதால் இந்த நெகட்டிவை நம்பலாமா என்று அவர் கேட்பது நியாயமான கேள்வி. தட்டை மட்டும் வைத்து முழுமையாக நம்ப மாட்டேன். மூக்கு ஒழுகல் இருந்தது, நெறி இல்லை, ஐந்தாம் நாளில் மருந்தின்றியே இறங்கியது என்ற மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது வைரஸ்தான் என்று நினைக்கிறேன். ஸ்ட்ரெப் தொண்டையும் மருந்தில்லாமலே சில நாட்களில் அடங்கிவிடும் என்பதால், காய்ச்சல் இறங்கியதை மட்டும் சான்றாகக் கொள்ளக் கூடாது. அடுத்த மூன்று வாரம் மூட்டு வீக்கம், மூச்சு வாங்குதல், சிறுநீர் கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் போதல் ஆகியவற்றில் எதையேனும் கண்டால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். காணாவிட்டால் பிள்ளையை விளையாட விடுங்கள்.

22 ஜூன்

ஏஎஸ்ஓவைப் பற்றி மட்டும் ஆறு பேர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் வரை எந்த ஆய்வகத்திலும் எளிதாகக் கிடைப்பது அதுதான். ஸ்வாப் எடுக்கும் இடங்கள் குறைவு, இரத்தம் எடுக்கும் இடங்கள் தெருவுக்குத் தெரு. கிடைப்பதைச் செய்துவிடுகிறோம்.

இந்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமி வெளியிடும் ஸ்ட்ரெப்டோலைசின் ஓ என்ற நச்சுக்கு எதிராக நம் உடம்பு செய்துவைத்த எதிர்ப்பொருளை அது அளக்கிறது. அந்த எதிர்ப்பொருள் தொற்று ஏற்பட்டு ஒரு வாரம் கழித்துத்தான் ஏறத் தொடங்கும். மூன்று முதல் ஆறு வாரத்தில் உச்சிக்குப் போகும். பிறகு மாதக்கணக்கில் மெதுவாக இறங்கும். காய்ச்சல் வந்த இரண்டாம் நாளில் எடுத்த இரத்தத்தில் 400 இருந்தால், அது நிச்சயமாக இந்தக் காய்ச்சலைப் பற்றிய செய்தி அல்ல. ஏப்ரலிலோ மார்ச்சிலோ என்றோ வந்து போன ஒரு தொற்றின் மிச்சமாக இருக்கலாம். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் அடிக்கடி இந்தக் கிருமியைச் சந்திப்பதால், நலமாக ஓடியாடும் பலரிடமே 200-ஐத் தாண்டிய அளவு இருக்கும். அந்த எல்லை பெரியவர்களுக்கானது. மேலும், சிறிய ஆய்வகங்களில் சிலைடில் துளி விட்டுப் பார்க்கும் முறையில் எண்கள் 200, 400, 800 என்று இரட்டித்தே ஏறும். 210 என்று ஒரு விடையே அந்த முறையில் வராது. 400 என்ற எண்ணைப் பார்த்து, எல்லையைப் போல் இருமடங்கு ஆகிவிட்டதே என்று ஒரு தாய் இரவெல்லாம் விழித்திருப்பதை நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது, ஏனென்றால் அந்தத் தாள்களில் கையெழுத்திட்டுக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. அதில் ஒரு வரி விளக்கம் சேர்த்து எழுத எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இப்போது இரண்டாம் திருத்தம். தாளைக் கிழித்துப் போடச் சொன்னேன்; அது தவறு, பத்திரமாக வையுங்கள். பிற்காலத்தில் மூட்டு வீக்கமோ இதயக் கோளாறோ ஐயம் ஏற்பட்டால், பழைய அளவும் புதிய அளவும் சேர்ந்துதான் ‘அண்மையில் ஸ்ட்ரெப் வந்து போயிருக்கிறது’ என்று மருத்துவருக்குச் சொல்லும். அந்த வேலைக்கு இந்தப் பரிசோதனை மிகவும் வேண்டியது. இன்றைய தொண்டை வலிக்கு அது விடையல்ல என்பதுதான் என் வாதம்.

இரத்தத்தில் வெள்ளணு கூடியிருக்கிறது, அழற்சியைக் காட்டும் சிஆர்பி கூடியிருக்கிறது என்பதும் இப்படியே. அடினோ வைரஸும் அவற்றை ஏற்றிக் காட்டும்.

30 ஜூன்

முட்டத்திலிருந்து கடலுக்குப் போகும் ஓர் அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன். அவர் எழுதியதின் சாரம் இது: ‘அக்கா, ஸ்வாப் எடு, காத்திரு என்று சொல்வது எளிது. எங்கள் பக்கம் ஞாயிற்றுக்கிழமை ஆய்வகம் இல்லை. மழையில் இரண்டு பஸ் மாறி நாகர்கோவில் போய், குச்சியைக் கொடுத்துவிட்டு வந்து, மறுபடி முடிவு வாங்கப் போக வேண்டும் என்றால் இரண்டு நாள் தொழில் போயிற்று. ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிறோம். கடைசியில் ஸ்வாப்பும் இல்லை, மருந்தும் இல்லை என்று ஆகிவிடாதா?’

ஆகிவிடும். அதை நான் எண்ணிப் பார்க்காமல் எழுதியிருக்கிறேன். நெருக்கமாக வாழும் இடங்களில்தான் இந்தக் கிருமி வேகமாகப் பரவுகிறது, ருமாட்டிக் காய்ச்சலும் அங்கேதான் அதிகம். பரிசோதனை வசதி இல்லாத இடங்களில் அடையாளங்களை மட்டும் வைத்து மருந்து தொடங்குவது தவறான மருத்துவம் அல்ல. அந்த நிலைமைக்கு அதுவே சரியான மருத்துவமாக இருக்கலாம். ஐந்து முதல் பதினைந்து வயதுக்குள் உள்ள பிள்ளைக்குத் திடீர்க் காய்ச்சலும், நெறியும், டான்சிலில் வெள்ளையும் இருந்து, சளியும் இருமலும் இல்லையென்றால், மருத்துவர் மருந்தைத் தொடங்குவதை நான் இனி குறை சொல்ல மாட்டேன். குச்சியை மட்டும் முதலில் எடுத்துவிடலாம் என்று கேட்டுப் பார்க்கலாம். எடுத்துவிட்டு அன்றே மருந்தைத் தொடங்கி, முடிவு நெகட்டிவ் என்றால் மருத்துவரைக் கேட்டு நிறுத்திவிடலாம். மருந்து தொடங்கிய மறுநாள் எடுக்கும் ஸ்வாப்பில் உயிருள்ள கிருமியைத் தட்டில் காண்பது அரிது. அதனால்தான் வரிசையை மாற்றக் கூடாது என்று வலியுறுத்துகிறேன்.

மருந்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுவும் நோயறிதலோடு பிணைந்தது. பெனிசிலினும் அதன் தம்பியான அமாக்சிசிலினும் இந்தக் கிருமிக்கு இன்றும் முதல் மருந்துகள். எண்பது ஆண்டுகளாகப் பயன்படுத்தியும் பெனிசிலினுக்கு அது எதிர்ப்பை வளர்த்துக்கொள்ளவில்லை. அசித்ரோமைசினுக்கு வளர்த்துக்கொண்டிருக்கிறது. பெனிசிலின் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கென வைத்திருக்க வேண்டிய மருந்தை, ‘மூன்று நாளில் முடிந்துவிடும்’ என்ற வசதிக்காக எல்லோருக்கும் கொடுத்துவருகிறோம். நோய் இன்னதென்று தெரிந்தால் மருந்தையும் சரியாகத் தேர்ந்தெடுக்கலாம்.

7 ஜூலை

நான் ஏன் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்று ஒருவர் கேட்டிருந்தார். என் தம்பியால்.

1979 இல் நாங்கள் திருவட்டாறு பக்கம் இருந்தோம். அவனுக்கு ஒன்பது வயது. மழைக்காலத்தில் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தன. உப்பு நீரில் கொப்பளிக்க வைத்தோம், கற்பூரவல்லிச் சாறு கொடுத்தோம், நான்கு நாளில் எழுந்துவிட்டான். மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்கியது. ரப்பர் தோட்டத்தில் ஓடி விழுந்திருப்பான் என்று நினைத்து அப்பா அவனை வர்ம ஆசானிடம் தூக்கிக்கொண்டு போனார். ஆசான் எண்ணெய் போட்டுக் கட்டினார். மூன்றாம் நாள் அந்த முழங்கால் வற்றி, மறு கணுக்கால் வீங்கியது. ஆசான் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, ‘விழுந்த அடி ஒரே இடத்தில் இருக்கும், இது இடம் மாறுகிறது. இது என் கைக்குரிய நோய் இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்’ என்று சொல்லி, வாங்கிய பணத்தையும் திருப்பிக் கொடுத்தார். எங்கள் குடும்பத்தில் ருமாட்டிக் காய்ச்சலை முதலில் கண்டறிந்தவர் அவர்தான் என்று நான் இன்றும் நன்றியோடு சொல்வேன்.

மூட்டுக்கு மூட்டு தாவும் அந்த வீக்கம், ருமாட்டிக் காய்ச்சலைக் கண்டறிய 1944 இல் டக்கெட் ஜோன்ஸ் வகுத்து, பின்னர் திருத்தப்பட்ட அளவுகோலில் முதன்மை அடையாளங்களுள் ஒன்று என்பதைப் படிக்கப் போன பிறகுதான் அறிந்தேன். இதய அழற்சி, காரணமின்றிக் கை கால் துள்ளும் கோரியா, தோலில் வளையம் வளையமான சிவப்பு, தோலுக்கடியில் சிறு முண்டுகள் ஆகியவை மற்றவை. அவற்றோடு முன்பு ஸ்ட்ரெப் வந்ததற்கான சான்றும் வேண்டும். ஏஎஸ்ஓவின் இடம் அங்கேதான். தம்பிக்கு இதயமும் தொடப்பட்டிருந்தது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை பென்சத்தீன் பெனிசிலின் ஊசி, பல ஆண்டுகள். சில ஊசிகளை நாங்கள் தவறவிட்டோம். அதுவும் எங்கள் குறைதான். 1996 இல் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் அவனுக்கு இதயத்தின் மைட்ரல் வால்வு மாற்றினார்கள். அந்த நிறுவனமே உருவாக்கி 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒருவருக்குப் பொருத்திய சித்திரா வால்வுதான் அவனுக்கும். இன்று நலமாக இருக்கிறான். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரையும், மாதந்தோறும் ஒரு இரத்தப் பரிசோதனையுமாக.

அன்று ஒரு ஸ்வாப் எடுத்திருந்தால் என்று நான் நினைக்காத மழைக்காலம் இல்லை. அதே சமயம், என் தம்பியின் கதையைக் காட்டி எல்லாத் தொண்டை வலிக்கும் மருந்து கொடுங்கள் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். அவனுக்குத் தேவைப்பட்டது சரியான நேரத்தில் சரியான விடை.

14 ஜூலை

தக்கலையிலிருந்து ஓர் ஆசிரியை கேட்கிறார்: வகுப்பில் இரண்டு பிள்ளைகளுக்கு ஸ்ட்ரெப் உறுதியாகியிருக்கிறது, மீதி முப்பத்தெட்டு பேருக்கும் பரிசோதனை செய்யச் சொல்லலாமா?

வேண்டாம் டீச்சர். நோய் இல்லாத பள்ளிப் பிள்ளைகளில் ஏறத்தாழ எட்டில் ஒருவர் தொண்டையில் இந்தக் கிருமி சும்மா தங்கியிருக்கும். அவர்களுக்கு அது தீங்கு செய்வதில்லை, மற்றவர்களுக்கு அவர்கள் பரப்புவதும் குறைவு. முப்பத்தெட்டு பேரையும் சோதித்தால் நான்கைந்து பேருக்குப் பாசிட்டிவ் வரும், நான்கைந்து வீடுகளில் அழுகை எழும், நான்கைந்து பிள்ளைகள் தேவையில்லாமல் மருந்து சாப்பிடுவார்கள். காய்ச்சலோடு வரும் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிக் காட்டச் சொல்லுங்கள். உறுதியான பிள்ளைகள் மருந்து தொடங்கி ஒரு நாள் கழிந்து, காய்ச்சலும் இறங்கிய பிறகு வகுப்புக்கு வரலாம்.

இதிலேயே ஒரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. அப்படிக் கிருமி தங்கியிருக்கும் பிள்ளைக்கு மழைக்காலத்தில் வைரஸ் காய்ச்சல் வந்து, நாம் ஸ்வாப் எடுத்தால், பாசிட்டிவ் வரும், காரணமோ வைரஸ். ஆண்டுக்கு ஐந்தாறு முறை ‘ஸ்ட்ரெப்’ வருகிறது, டான்சிலை எடுத்துவிடலாமா என்று கேட்கும் வீடுகளில் சில இந்த வகை. ஆகவே மூக்கு ஒழுகி, இருமி, குரல் கம்மியிருக்கும் பிள்ளைக்கு ஸ்வாப்பே எடுக்காமலிருப்பதுதான் நல்ல பரிசோதனை. நல்ல ஆய்வகமும் தவறான பிள்ளையிடமிருந்து எடுத்த குச்சிக்குச் சரியான விடை தர முடியாது. குணமான பிறகு ‘கிருமி போய்விட்டதா’ என்று திரும்பவும் ஸ்வாப் எடுப்பதும் இதே காரணத்தால் தேவையில்லை. வீட்டில் யாருக்கேனும் ருமாட்டிக் காய்ச்சல் வந்திருந்தால் மட்டும் கணக்கு வேறு; மருத்துவரிடம் அதை மறக்காமல் சொல்லுங்கள்.

15 ஜூலை

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பற்றிச் சொல்ல விட்டுப்போனது. அவர்களுக்கு இந்தத் தொண்டை நோய் அரிது, ருமாட்டிக் காய்ச்சல் மிக அரிது. பொதுவாக ஸ்வாப் தேவையில்லை. அக்காவுக்கோ அண்ணனுக்கோ உறுதியாகியிருந்து, குழந்தையும் படுத்துவிட்டால் மட்டும் யோசிக்கலாம். 2022 இல் கொல்லத்தில் தக்காளிக் காய்ச்சல் என்று பேசப்பட்டபோது களியக்காவிளை வரை எல்லாத் தாய்மாரும் வாய்ப் புண்ணைப் பார்த்துப் பதறினார்கள். வாயிலும் கையிலும் காலிலும் கொப்புளம் என்றால் அது வைரஸ்.

28 ஜூலை

இதுவரை காத்திருப்பதைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்ததில் எனக்கு ஒரு பயம் வந்துவிட்டது. காத்திருக்கக் கூடாதவை உண்டு.

பிள்ளை எச்சிலை விழுங்க முடியாமல் வடியவிட்டால், வாயைத் திறக்க முடியாவிட்டால், வாயில் சூடான எதையோ வைத்துக்கொண்டு பேசுவது போலக் குரல் மாறினால், கழுத்தை ஒரு பக்கம் திருப்ப மறுத்தால், மூச்சில் இழுப்புச் சத்தம் கேட்டால், அது டான்சிலைச் சுற்றிச் சீழ் கட்டியதாகவோ மூச்சுக் குழலின் வாய் வீங்கியதாகவோ இருக்கலாம். ஸ்வாப் எடுக்க வாயைத் திறக்கச் சொல்லி வற்புறுத்தாமல், உட்கார்ந்த நிலையிலேயே ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்கோ கொண்டுபோங்கள்.

இன்னொன்று தொண்டை அடைப்பான் (டிப்தீரியா). வெள்ளைப் புள்ளி போலன்றி, சாம்பல் நிறத்தில் தடித்த தோல் போல டான்சிலைத் தாண்டி உள்நாக்கு வரை படர்ந்து, உரித்தால் இரத்தம் கசியும். கழுத்து முழுவதும் வீங்கிவிடும். 2011 டிசம்பரில், தொண்டை அடைப்பானையும் தடுக்கும் ஐந்து நோய்த் தடுப்பூசி நாட்டிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் தொடங்கியது என்பதால் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் காப்பு பெற்றவர்கள். இருந்தும் 2016 இல் மலப்புறத்தில் தடுப்பூசி போடாத பிள்ளைகளிடம் அந்த நோய் திரும்பி வந்தது. தடுப்பூசி அட்டையைத் தொண்டை வலிக்கும் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பது என் கருத்து. மருத்துவர் இதைச் சந்தேகித்தால் ஆய்வகத்துக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். சாதாரணத் தட்டில் நாங்கள் அதைத் தேட மாட்டோம்.

4 ஆகஸ்ட்

முட்டத்து அண்ணனின் இளைய மகனுக்குப் பத்து வயது. வியாழக்கிழமை பிற்பகல் பள்ளியிலிருந்து வரும்போதே தலைவலி, இரவில் வாந்தி, கடுங்காய்ச்சல். வெள்ளிக்கிழமை மாலை மருத்துவர் பார்த்தபோது இரு பக்கமும் நெறி, மேலண்ணத்தில் சிவப்புப் புள்ளிகள். சளியில்லை, இருமலில்லை. அண்ணன் கேட்டதன் பேரில் முதலில் குச்சி எடுத்து, நாகர்கோவிலுக்குப் போகும் உறவினரிடம் கொடுத்தனுப்பிவிட்டு, அன்றிரவே அமாக்சிசிலின் தொடங்கியிருக்கிறார்கள். இன்று காலை தட்டின் படத்தை எனக்கு அனுப்பினார்.

படத்தைப் பார்த்ததும் என் பழைய மேசை நினைவுக்கு வந்தது. செம்மறி ஆட்டு இரத்தம் ஐந்து விழுக்காடு கலந்த தட்டு அது. சில இடங்களில் இரத்த வங்கியில் காலாவதியான மனித இரத்தத்தைக் கலப்பார்கள். அதில் இருக்கும் எதிர்ப்பொருள்களும் மருந்தின் மிச்சமும் கிருமியை அடக்கிவிடக்கூடும். அதனால் கல்ச்சர் கொடுக்கும்போது எந்த இரத்தம் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. குச்சியைத் தேய்த்த பிறகு வளையக் கம்பியால் தட்டில் இரண்டு மூன்று இடங்களில் குத்திவிடுவோம். ஸ்ட்ரெப்டோலைசின் ஓ காற்றுப்பட்டால் செயலிழக்கும் என்பதால், காற்றில்லாத அந்தக் குத்துக்குள் அது இரத்தத்தைத் தெளிவாகக் கரைத்துக் காட்டும். காலையில் தட்டை ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்தால், குண்டூசித் தலை அளவுப் புள்ளிகளைச் சுற்றி, கண்ணாடி போலத் தெளிந்த வளையம் தெரியும். பிறகு, இந்தக் கிருமியை அடக்கும் பாசிட்ராசின் மருந்து தோய்த்த வில்லையைச் சுற்றி வளர்ச்சி நின்றிருக்கிறதா என்று பார்ப்போம். இந்தத் தட்டில் வளையமும் இருந்தது, வில்லையைச் சுற்றி வெறுமையும் இருந்தது. ஸ்ட்ரெப்தான்.

11 ஆகஸ்ட்

காய்ச்சல் எட்டு நாளுக்கு முன்பே போய்விட்டது, மருந்தை நிறுத்தலாமா என்று முட்டத்து அண்ணன் கேட்டார். கடந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தைய வெள்ளி, 2-ஆம் தேதி இரவு தொடங்கியது. நிறுத்த வேண்டாம், பத்து நாளும் கொடுக்க வேண்டும் என்றேன். பத்து நாள் என்றால் நாளை மாலை வேளையோடு முடியும். பாட்டிலில் மிச்சம் இருப்பதும் அவ்வளவுதானாம். நாளைய மூன்று வேளையையும் கொடுத்துவிட்டுக் கடலுக்குப் போவதாக எழுதியிருக்கிறார்.